அத்தியாயம் 6: படம் இருக்கு, சவுண்டு இல்லை

பரணிலிருந்து இறங்கும் வீடியோ கேம் பெட்டி காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரியில் பெரும்பாலும் ஒரே புகாரோடுதான் என் மேசைக்கு வரும். “படம் பளிச்சுன்னு வருதுண்ணே, சவுண்டுதான் இல்ல.” கூடவே ஒரு தீர்ப்பும் வரும்: “ஐ.சி. போயிருக்கும்.” யார் சொன்னது என்று கேட்டால் பதில் இருக்காது. எது கெட்டாலும் ஐ.சி. தலையில் போடுவது நம் பழக்கம்.

ஐ.சி.யைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறேன். பழைய கேசட் பெட்டிகளில் ஆட்டத்தை நடத்தும் மூளையும் சத்தத்தை உண்டாக்கும் பகுதியும் ஒரே சில்லுக்குள் இருக்கின்றன. மாரியோ ஓடிக்கொண்டிருக்கிறான் என்றால் அந்தச் சில்லு உயிரோடுதான் இருக்கிறது. சத்தம் தொலைந்த இடம், சில்லின் காலுக்கும் பெட்டியின் பின்புற ஜாக்குக்கும் நடுவே உள்ள இரண்டு மூன்று அங்குலப் போர்டு. அங்கே இருப்பவை சில ரெசிஸ்டன்ஸ், சில கண்டென்சர், ஒரு சின்ன டிரான்சிஸ்டர். எல்லாம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சாமான்கள். நம்முடையது கடலோர ஊர். உப்புக்காற்று முதலில் கை வைப்பதும் அங்கேதான்.

முதலில் வயர்

பெட்டியைத் திறக்காதீர்கள். வயரைப் பாருங்கள்.

இன்றைய எல்.இ.டி. டி.வி.க்களில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஜாக்குகள் மறைந்துவருகின்றன. அவற்றுக்குப் பதிலாக ஹெட்ஃபோன் துளை போன்ற ஒற்றை ஏ.வி. துளை இருக்கும். அதற்கான மாற்று வயரில் நான்கு வளையங்கள். எந்த வளையத்தில் படம், எதில் தரை, எதில் சத்தம் என்பது எல்லாருக்கும் ஒரே வரிசை கிடையாது. ஒரு டி.வி.யோடு வந்த வயரை இன்னொரு டி.வி.யில் போட்டால், படத்துக்கான சிக்னல் சத்தத்தின் வழியில் நுழைந்து “கொர்ர்ர்” என்று கத்தும். திரையில் காட்சி மாறும்போது அந்த இரைச்சலின் தன்மையும் மாறினால் இதுதான் கோளாறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அந்த டி.வி.க்குரிய வயரை வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது.

அடுத்து, ஒற்றை வெள்ளை ஜாக் மட்டும் உள்ள பழைய டி.வி. அதில் பிளேஸ்டேஷன் போன்ற ஸ்டீரியோ பெட்டியை மாட்டுகிறவர்கள் சிவப்பு வயரை அப்படியே தொங்கவிட்டுவிடுவார்கள். வலப்பக்கச் சத்தம் மொத்தமும் காணாமல் போகும். பந்தய ஆட்டத்தில் வலப்பக்கம் முந்துகிற வண்டி ஊமையாகப் போகும். அதற்காக இரண்டு வயரையும் முறுக்கி ஒன்றாக்கிவிடவும் கூடாது. அப்படிச் செய்தால் ஒரு பக்கத்துப் பெருக்கி மறுபக்கத்துப் பெருக்கியோடு மல்லுக்கட்டும். இரண்டு வழியிலும் ஆளுக்கொரு 4.7 கே ரெசிஸ்டன்ஸ் போட்டு, அவற்றின் மறுமுனைகளை இணைத்து வெள்ளை ஜாக்குக்குக் கொண்டுபோங்கள். அவ்வளவே.

பெட்டியின் ஜாக்கையும் உற்றுப் பாருங்கள். நடுத்துளையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை மாதம் பெட்டியை எடுப்பவர்களுக்கு இது வாடிக்கை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துச் சுற்றித் துடைக்க வேண்டும். உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சு போனால் அடுத்த மழையில் களிம்பு இன்னும் வேகமாக ஏறும். துடைத்த பிறகு பிளக்கை மாட்டி மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். சத்தம் வந்து வந்து போனால் ஜாக்கின் காலில் ஈயம் விரிந்திருக்கிறது. பிள்ளைகள் ஆட்ட ஆவேசத்தில் இழுத்த இழுப்பெல்லாம் அந்தக் காலில்தான் விழுந்திருக்கும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஈயம் வையுங்கள். பழையதன் மேலேயே பூசுவது ஓட்டை வாளிக்குச் சாணி மெழுகுவது போல.

சத்தம் நடக்கும் வழி

மூடியில் மீடியா, லிட்டில் மாஸ்டர், சாமுராய் என்று எந்தப் பெயர் இருந்தாலும், 90களில் நம் பக்கம் வந்த கேசட் பெட்டிகளின் மூலம் ஒன்றுதான்: 1983-இல் நிண்டெண்டோ ஜப்பானில் விற்பனைக்கு விட்ட ஃபாமிகாம். அதன் மூளை ரிக்கோ நிறுவனத்தின் 2ஏ03 சில்லு. அதற்குள் ஐந்து குரல்கள். இரண்டு சதுர அலைகள் மெட்டைப் பாடும். ஒரு முக்கோண அலை கீழ்ஸ்தாயியில் பேஸ் போடும். ஒன்று வெறும் இரைச்சல். வெடிச் சத்தத்துக்கும் தாளத்துக்கும் அதுதான். ஐந்தாவது, பதிந்து வைத்த துணுக்குகளை ஒலிக்கும்.

இந்த ஐந்தும் ஒரே வழியாக வெளியே வருவதில்லை என்பது ரிப்பேர்காரருக்குக் கிடைத்த வரம். சதுர அலைகள் இரண்டும் சில்லின் 1-ஆம் காலில் வரும். மற்ற மூன்றும் 2-ஆம் காலில். ஒவ்வொரு காலிலிருந்தும் தரைக்கு ஒரு 100 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கும். சில்லு தருவது மின்னோட்டம். அந்த 100 ஓம்தான் அதை மின்னழுத்தமாக மாற்றித் தருகிறது. பிறகு ஒரு வழியில் 20 கே, இன்னொரு வழியில் 12 கே ரெசிஸ்டன்ஸ் கடந்து இரண்டும் கலக்கின்றன.

ஆகவே மல்டிமீட்டர் எடுக்கும் முன்பே காது கொண்டு பாதி வேலையை முடிக்கலாம். மாரியோ கேசட்டைப் போடுங்கள். குதிக்கும்போது வரும் சத்தம் சதுர அலை. பின்னணிப் பாட்டின் அடியில் நடந்துபோகும் கனத்த சுரங்கள் முக்கோண அலை. செங்கல் உடையும் சத்தம் இரைச்சல் குரல். குதிக்கும் சத்தம் இருக்கிறது, பேஸும் செங்கலும் இல்லை என்றால் 2-ஆம் காலின் வழி அறுந்திருக்கிறது. நேர்மாறாக இருந்தால் 1-ஆம் காலின் வழி. எல்லாமே இல்லையென்றால் கோளாறு இரண்டும் கலந்த இடத்துக்குப் பிறகு இருக்கிறது.

கலந்த சத்தம் மிக மெலிதானது. அதைப் பெருக்க ஜப்பான்காரர்கள் தனி ஆடியோ ஐ.சி. போடவில்லை. ஆம் என்றால் இல்லை, இல்லை என்றால் ஆம் என்று சொல்ல மட்டுமே செய்த இன்வெர்ட்டர் லாஜிக் சில்லின் ஒரு பகுதியை, உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் கட்டி, பாதி வழியில் நிறுத்திப் பெருக்கியாக வேலை வாங்கினார்கள். எனக்கு இந்தப் பெட்டியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நம் ஊர் மெக்கானிக் செய்யும் வித்தை மாதிரியே இருக்கும்.

பிற்காலத்து மலிவுப் பெட்டிகளில் இவை எதுவும் தனித்தனியாக இருக்காது. போர்டின் நடுவே கறுப்புப் பசை உருண்டை ஒன்று. மொத்தப் பெட்டியும் அதற்குள். அதிலிருந்து வரும் சத்தம் 9014 போன்ற ஒரு சின்ன டிரான்சிஸ்டரையும் கண்டென்சரையும் கடந்து ஜாக்குக்குப் போகும். உருண்டையைத் தொடாதீர்கள், சூடாக்காதீர்கள், சுரண்டாதீர்கள். வெளியே இருக்கும் அந்த இரண்டு மூன்று சாமான்கள் மட்டுமே உங்கள் எல்லை.

கேசட்டுக்குள் போய்வரும் சத்தம்

இதை அறியாமல் எத்தனை நல்ல பெட்டிகளைத் தூக்கிப் போட்டிருக்கிறோமோ!

60 பின் கேசட் போடும் பெட்டியில் சத்தம் சில்லிலிருந்து நேராக ஜாக்குக்குப் போவதில்லை. கேசட் துளையின் 45-ஆம் பின் வழியாகக் கேசட்டுக்குள் நுழைந்து, 46-ஆம் பின் வழியாகத் திரும்பி வந்து, பிறகுதான் வெளியே போகிறது. காரணம் உண்டு. கேசட்டிலேயே கூடுதல் ஒலிச் சில்லு வைத்து அதன் சத்தத்தையும் கலந்துவிடலாம் என்று வழி விட்டிருந்தார்கள். ஜப்பானில் கொனாமி நிறுவனம் வி.ஆர்.சி. 6 என்ற சில்லால் மேலும் மூன்று குரல்களைச் சேர்த்தது. நமக்கு வந்த கேசட்டுகளில் அப்படி ஒன்றும் கிடையாது. 45-ஐயும் 46-ஐயும் ஒரு செம்புக் கோடு இணைக்கும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த இரண்டு பின்களில் அழுக்கு படிந்தால்? படத்துக்கு வேண்டிய பின்கள் சுத்தமாக இருக்கும், ஆட்டம் ஓடும், சத்தம் மட்டும் இருக்காது. ஆகவே ஒரு கேசட்டை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். இன்னொரு கேசட் போட்டுப் பாருங்கள். அதில் சத்தம் வந்தால் முதல் கேசட்டின் பின்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஆல்கஹாலால் துடையுங்கள். எல்லாக் கேசட்டிலும் இல்லையென்றால் பெட்டியின் துளைப் பக்கம் பாருங்கள். எல்லா நகல் பெட்டிகளும் இந்தச் சுற்றுவழியை அப்படியே வைத்திருக்கவில்லை. சிலவற்றில் போர்டிலேயே நேராக இணைத்துவிட்டிருப்பார்கள். 45, 46 பின்களிலிருந்து கோடுகள் எங்கே போகின்றன என்று கண்ணால் தொடர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேசட்டில் ஊதுவது நம் தலைமுறைக்கே தெரிந்த வைத்தியம். ஊதிச் செருகினால் வேலை செய்தது என்பது உண்மைதான். எடுத்து மறுபடி செருகியதால் பின்கள் சரியாக உட்கார்ந்தன. ஊதியதால் உள்ளே போனது எச்சில் ஈரம்தான். நிண்டெண்டோவே தன் கேசட்டுகளில் ஊத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே உப்புக்காற்று இருக்கிற ஊரில் வாயாலும் ஈரம் சேர்க்க வேண்டியதில்லை.

காது வைத்துத் தேடுவது

வயரும் கேசட்டும் சரியென்று ஆனபின் மூடியைத் திறக்கலாம். வேண்டியவை: மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சி, ஒரு பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர். ஸ்பீக்கரின் உள்ளீட்டு வயரை வெட்டி, தரைக் கம்பியில் ஒரு முதலை கிளிப் மாட்டுங்கள். சிக்னல் கம்பியின் முனையில் 0.1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கண்டென்சரைக் கோத்து, அதன் மறுகாலை ஊசி போல நீட்டி வையுங்கள். போர்டில் நிற்கும் நேர்மின்சாரத்தை அந்தக் கண்டென்சர் தடுத்துவிடும். சத்தம் மட்டும் ஸ்பீக்கருக்குப் போகும். ஆஸிலோஸ்கோப் இல்லாத வீட்டில் இதுதான் ஸ்டெதஸ்கோப்.

கிளிப்பைப் போர்டின் தரையில் மாட்டுங்கள். ஆட்டத்தை ஓடவிட்டு, பாட்டு வரும் முதல் திரையிலேயே நிறுத்தி வையுங்கள். ஜாக்கின் காலில் ஊசியை வையுங்கள்: அமைதி. கண்டென்சரின் ஜாக் பக்கக் காலில் வையுங்கள்: அமைதி. அதே கண்டென்சரின் மறுகாலில் வையுங்கள்: பாட்டு! கண்டென்சர் போயிருக்கிறது. இப்படி ஜாக்கிலிருந்து சில்லை நோக்கிப் பின்னோக்கி நடந்தால், அமைதி முடியும் இடத்துக்கும் பாட்டு தொடங்கும் இடத்துக்கும் நடுவே கோளாறு மாட்டிக்கொள்ளும். சில்லின் காலிலேயே சத்தம் இல்லை, 100 ஓமும் சரியாக இருக்கிறது என்றால் மட்டும் ஐ.சி.யைக் குறை சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தேடல் 9 வோல்ட் பெட்டிக்கு மட்டும். பழைய டப்பா டி.வி.யின் உள்ளே இதே ஊசியைக் கொண்டுபோகாதீர்கள். அந்த டி.வி.க்களில் பலவற்றின் சேசிஸ் நேரடியாக மெயின் மின்சாரத்தோடு தொடர்புள்ளது. வால்யூம் கண்ட்ரோலிலிருந்து வயர் இழுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியைத் தொட்டவர் ஷாக் வாங்கியதும் உண்டு. டி.வி.யில் ஏ.வி. துளை இல்லையென்றால் சத்தத்தை வீடியோ கேம் பெட்டியிலிருந்தே தனியாக எடுங்கள்.

கண்டென்சர்

கோளாறுகளில் பாதி இங்கேதான் முடியும், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஜாக்குக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரின் வேலை, பெருக்கியில் உள்ள நேர்மின்சாரத்தை மறித்து, ஆடும் சத்தத்தை மட்டும் விடுவது. ஆனால் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி விடாது. எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சத்தம் தேயும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: 1-ஐ, 6.28 பெருக்கல் ரெசிஸ்டன்ஸ் பெருக்கல் கண்டென்சர் மதிப்பால் வகுக்க வேண்டும். டி.வி.யின் உள்ளீடு 10 கே, கண்டென்சர் 10 மைக்ரோஃபாரட் என்றால் விடை 1.6 ஹெர்ட்ஸ். மனிதக் காதே கேட்காத ஆழம் அது. பேஸ் முழுசாக வரும். அதே கண்டென்சர் காய்ந்து 0.1 மைக்ரோஃபாரட் அளவுக்குச் சுருங்கிவிட்டால் விடை 159 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் மெலியும். வீட்டுக்காரர் வந்து, “சவுண்டு வருதுண்ணே, ஆனா டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி கீச்சுன்னு இருக்கு” என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் நோய் முழுவதும் இருக்கிறது.

மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அளவோ கூடுதலோ வோல்ட், 105 டிகிரி என்று அச்சிட்டதை வாங்குங்கள். கழற்றும் முன் கூட்டல் பக்கம் எது என்று படம் எடுத்து வையுங்கள். போர்டில் குறி அழிந்திருந்தால் மீட்டரை நேர்மின்சாரத்தில் வைத்து இரண்டு புள்ளிகளையும் அளங்கள். அதிக வோல்ட் உள்ள பக்கம் கூட்டல். பெரும்பாலும் சில்லுப் பக்கம்தான். பெரிசாகப் போட்டால் பேஸ் கூடும் என்று 1000 மைக்ரோஃபாரட் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 1.6 ஹெர்ட்ஸை 0.016 ஆக்கி யாருக்கு லாபம்? சுவிட்சைப் போடும்போது ஸ்பீக்கரில் “தொம்” என்று ஒரு இடி விழும், அது ஒன்றுதான் மிச்சம்.

போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டிய சின்ன அலுமினிய டப்பாக் கண்டென்சர்கள் வேறு ரகம். சேகாவின் கேம் கியர் என்ற கைப்பெட்டி இவற்றால்தான் ஊமையாகிறது. உள்ளே இருக்கும் திரவம் கசிந்து கீழே உள்ள செம்புக் கோட்டையே தின்றுவிடும். கண்டென்சரை மாற்றியும் சத்தம் வராவிட்டால் அடியில் கோடு அறுந்திருக்கிறது. மெல்லிய கம்பியால் பாலம் போட வேண்டும். கசிந்த இடத்தில் அயர்னை வைத்தால் மீன் நாற்றம் வரும் என்பது உலகமெங்கும் ரிப்பேர்காரர்கள் சொல்லும் அடையாளம். மீன்பிடி ஊரான கோட்டுச்சேரிமேட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு இந்த அடையாளத்தால் பயனில்லை. கண்ணால் பாருங்கள்: ஈயம் பளபளப்பு இழந்து சாம்பலாக இருக்கும்.

ஹம்

“ம்ம்ம்” என்ற இடைவிடாத ஒலி இரண்டு வகை. அவற்றைச் சுருதி கொண்டு பிரிக்கலாம். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் நேராக ஒலித்தால் அடித்தொண்டையில் உறுமுவது போல் இருக்கும். அடாப்டரின் டயோடுகள் அதை இரட்டிப்பாக்கினால் 100 ஹெர்ட்ஸ்: அதே சுரம், ஒரு ஸ்தாயி மேலே. சுருதிப்பெட்டி வைத்திருப்பவர்கள் ஐந்து கட்டை சட்ஜத்தின் கீழ்ஸ்தாயிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஏறக்குறைய அங்கேதான் நிற்கும்.

100 என்றால் அடாப்டரிலோ பெட்டியின் உள்ளேயோ உள்ள பெரிய ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துவிட்டது. மாற்றுங்கள். 50 என்றால் தரை இணைப்பு கெட்டிருக்கிறது: வயரின் மேலுறைப் பின்னல் அறுந்திருக்கலாம், அல்லது இரண்டு தரைகள் மோதுகின்றன. கேபிள் டி.வி. வயரை டி.வி.யிலிருந்து கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் குற்றவாளி கேபிளோடு வந்த தரை. ஆடும் நேரத்தில் அதைக் கழற்றி வைப்பதே போதும்.

அடாப்டர் மாற்றும்போது துளைக்குள் நுழைகிறது என்பதற்காகச் செருகாதீர்கள். ஃபாமிகாம், சேகாவின் மெகா டிரைவ் முதல் மாடல் இரண்டுக்கும் நேர்மின்சாரம், நடுப்பின் கழித்தல். ஐரோப்பாவில் விற்ற நிண்டெண்டோ என்.இ.எஸ். பெட்டிக்கு 9 வோல்ட் மாறுமின்சாரம். அந்த அடாப்டரை மெகா டிரைவில் செருகினால் இந்த அத்தியாயம் உங்களுக்குத் தேவைப்படாது, புதுப் பெட்டிதான் தேவைப்படும்.

ஆண்டெனா வழியாக வரும் சத்தம்

ஏ.வி. ஜாக் இல்லாத பெட்டிகளில் சத்தம், படம் இரண்டும் ஆர்.எஃப். டப்பா வழியாக ஆண்டெனா துளைக்குப் போகும். இந்தியாவிலும் இலங்கையிலும் டி.வி.யின் சத்தம், படத்தின் அலையிலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். சீனாவில் 6.5. அந்த ஊருக்கென்று செய்த பெட்டி இங்கே வந்தால் படம் கச்சிதமாக வரும், சத்தத்துக்குப் பதில் “உஸ்ஸ்” மட்டும் வரும். மெனுவில் சவுண்டு சிஸ்டம் மாற்றும் வசதி இருந்தால் பி.ஜி.யிலிருந்து டி.கே.க்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஆர்.எஃப். டப்பாவுக்குள் இருக்கும் சத்தக் காயிலின் மையத்தைப் பிளாஸ்டிக் திருப்புளியால் மிக மெதுவாகத் திருப்பிப் பார்க்கலாம். இரும்புத் திருப்புளி வேண்டாம். அது பக்கத்தில் வந்தாலே காயிலின் மதிப்பு மாறிவிடும்.

பிரான்சிலிருந்து வந்த பெட்டிகள்

இந்தப் பகுதியை வேறு ஊர் வழிகாட்டி நூலில் பார்க்க மாட்டீர்கள். 1954 நவம்பர் 1-இல் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் கைமாற்ற ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தாக்களின் வீட்டுப் பிள்ளைகளும் பேரன்களும் விடுமுறைக்கு வரும்போது எடுத்துவந்து, திரும்பும்போது விட்டுப்போன வீடியோ கேம் பெட்டிகள் கோட்டுச்சேரிப் பரண்களில் கிடக்கின்றன. அடாப்டரைச் செருகினால் விளக்கு எரியும். இங்கும் அங்கும் 230 வோல்ட்தான். அதற்குமேல் எதுவும் நடக்காது.

பிரான்சின் அந்நாளைய டி.வி. முறை செகாம். சத்தத்தை நாம் எஃப்.எம். முறையில் அனுப்பினால் அவர்கள் ஏ.எம். முறையில் அனுப்பினார்கள். ஆகவே அந்த ஆர்.எஃப். நமக்கு ஆகாது. ஆனால் 1980 முதல் 2015 வரை அந்நாட்டில் விற்ற டி.வி.க்களில் பெரிடெல் துளை கட்டாயமாக இருந்தது. உலகம் அதை ஸ்கார்ட் என்கிறது: 21 முனைகள் கொண்ட, சீப்பு போன்ற அகலப் பிளக். பிரான்சில் விற்ற என்.இ.எஸ். பெட்டிக்குள் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரித்து இந்தப் பிளக் வழியாக அனுப்பும் தனிப் போர்டே வைத்திருந்தார்கள். அந்தப் படத்தை இங்கே காண, மூன்று நிறத்தையும் வாங்கும் ஸ்கார்ட் மாற்றுப்பெட்டி வேண்டும்.

சத்தத்துக்கு எதுவும் வாங்க வேண்டாம். பிளக்கைத் திறந்தால் பெரும்பாலும் முனைகளின் எண்கள் பொடியாக அச்சிட்டிருக்கும். பெட்டியிலிருந்து டி.வி.க்குப் போகும் வயரில் 6-ஆம் முனை இடப்பக்கச் சத்தம், மோனோ என்றாலும் அதுவே. 2-ஆம் முனை வலப்பக்கம். 4-ஆம் முனை சத்தத்தின் தரை. இந்த மூன்றிலிருந்து ஆர்.சி.ஏ. ஜாக் வரை சுற்றுறை உள்ள வயரை இழுத்துவிட்டால் எந்த ஆம்ப்ளிஃபயரிலும் பாடும். 1, 3 என்ற முனைகளைப் பார்த்து ஏமாறாதீர்கள், அவை டி.வி. வெளியே அனுப்பும் சத்தத்துக்கானவை. தரைக்கு 4-ஐ விட்டு 17-ஐ எடுத்தாலும் சத்தம் வரும், கூடவே படத்தின் இரைச்சலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். ஸ்கார்ட்டின் சத்த அளவு ஏறக்குறைய அரை வோல்ட். சாதாரண ஆக்ஸ் துளைக்குப் பொருந்தும்.

மற்ற இரண்டு பெட்டிகள்

மெகா டிரைவ் முதல் மாடலின் பின்புற வட்டத் துளையில் வருவது மோனோ மட்டும். ஸ்டீரியோ வேண்டுமென்றால் முன்பக்க ஹெட்ஃபோன் துளையில் எடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் வால்யூம் நகர்த்தியைப் பாதிக்கு மேல் வைத்துவிட்டு, மீதியை ஆம்ப்ளிஃபயரில் கூட்டுங்கள். அந்த நகர்த்தியில் தூசு புகுந்து கரகரக்கும். கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது முறை முன்னும் பின்னும் தள்ளினால் போதும்.

பிளேஸ்டேஷனின் தொடக்க கால மாடல்களில் பின்னால் ஆர்.சி.ஏ. ஜாக்குகள் நேரடியாக இருக்கும். அவற்றைப் பாட்டு சி.டி. கேட்பதற்கென்றே தேடி வாங்கும் இசைப் பிரியர்கள் வெளிநாடுகளில் உண்டு. உங்களிடம் இருந்தால் விற்கும் முன் ஒரு நல்ல ஸ்பீக்கரில் மாட்டிக் கேட்டுவிடுங்கள்.

எதைத் தொடக்கூடாது

“சின்ன வயசுல கேட்ட சவுண்டு மாதிரி இல்லண்ணே” என்று ஒருவர் பெட்டியோடு வந்து நின்றார். எல்லாம் சரியாகவே இருந்தது. நகல் பெட்டிகளில் பயன்பட்ட சில சில்லுகளில் சதுர அலையின் இரண்டு வடிவங்கள் இடம் மாறியிருக்கும். ஒல்லியாக ஒலிக்க வேண்டிய இடத்தில் தடித்தும், தடித்த இடத்தில் ஒல்லியாகவும் கேட்கும். அது சில்லுக்குள்ளேயே உள்ள விஷயம்; எந்தக் கண்டென்சராலும் மாற்ற முடியாது. அவர் சிறு வயதில் கேட்டது அசலாக இருந்திருக்கும், அல்லது வேறு நகல். காசு வாங்காமல் திருப்பி அனுப்பினேன்.

அசலே ஒன்று போல ஒலிப்பதில்லை. ஜப்பானின் ஃபாமிகாமும் மேலைநாடுகளின் என்.இ.எஸ்.ஸும் ஒரே குடும்பச் சில்லுதான். ஆனால் என்.இ.எஸ்.ஸில் வெளிவழி ரெசிஸ்டன்ஸ், கண்டென்சர் மதிப்புகள் வேறு. கீழ்ச் சுரங்களை அது கூடுதலாக வடிகட்டும். ஃபில்டரை எடுத்துவிட்டால் தெளிவு கூடும் என்று கண்டென்சர்களைப் பிடுங்குகிறவர்களுக்குக் கிடைப்பது, இதுவரை மறைந்திருந்த சில்லின் கீச்சும் படத்தின் சலசலப்பும். வேலை செய்கிற சர்க்யூட்டை அழகுபடுத்தாதீர்கள்.

சரியான பெட்டியைப் பரணில் ஏற்றும்போது வயர்களைக் கழற்றித் தனியாகச் சுருட்டுங்கள். ஜாக்குத் துளைகளில் பிளாஸ்டிக் மூடி போடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வைத்து, மூடி இறுகும் டப்பாவில் அடையுங்கள். அடுத்த ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை இறக்கி, அரை மணி நேரம் சத்தத்தோடு ஓடவிடுங்கள். கண்டென்சர்கள் சும்மா கிடந்தால்தான் சீக்கிரம் கெடும்.